தீசிஸ் எடிட்டிங், ஃபோர்மட்டிங் வேலை வீட்டில இருந்து செய்யிறாக்கள் இருக்கிறீங்களோ? எப்பிடிக் காசு வாங்கிறது?

பாலைப்பழம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஆறு வருசம் கிளிநொச்சி டவுனில ஒரு கொமினிக்கேசனில டைப்செட்டிங் செய்தனான், போன மாசியோட நிண்டுட்டன். அம்மாக்கு ஏலாது, விசுவமடுவில இருந்து ஒவ்வொரு நாளும் பரந்தன் றோட்டால பஸ்ஸில போய் வாறது சரிவரேல்ல. வீட்டில லப்டொப் இருக்கு, பிரிண்டர் இல்ல. கடைக்கு வந்த ஆக்களே இப்பவும் என்ர நம்பருக்குத்தான் எடுக்கினம், சரி இதையே தொழிலாச் செய்வமெண்டு யோசிச்சன்.

முதல் வேலையே கழுத்தறுத்துப்போட்டுது. ஒரு ரீச்சர், 118 பக்க ஆய்வேடு, பக்கத்துக்கு 40 ரூபா எண்டு போனிலயே சொல்லிப்போட்டன், 4,720 ரூபா. ஃபைலைத் திறந்தா பாதி பழைய பாமினி பொண்ட், பாதி இப்பத்தைய யூனிகோட் எழுத்து, தலைப்பெல்லாம் ஸ்பேஸ் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டு வந்திருக்கு, அடுத்த பக்கம் போறதுக்கு என்டரை இருபது தரம் அடிச்சிருக்கு. மூண்டு இரவு நித்திரை இல்ல. குடுத்த பிறகு சூப்பர்வைசர் மாத்தச் சொன்னாரெண்டு நாலு தரம் திருப்பி வந்தவ, காசு கேக்க வாய் வரேல்ல.

ரெண்டாவது கேள்விதான் பெரிசு. ஒரு தம்பி மெசேஜ் போட்டவர், மூண்டாம் நாலாம் அத்தியாயத்தை நீங்களே எழுதித் தாங்கோ அக்கா, 25,000 தாறன் எண்டு. எனக்குக் காசு தேவைதான், ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்ல. ஆனா மனம் ஒரு மாதிரிக் கிடக்கு. இதில எது எடிட்டிங், எது அடுத்தவனுக்கு எழுதிக் குடுக்கிறது எண்டு அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

முறிகண்டிக்கச்சான்:
தங்கச்சி, நான் வவுனியாவில எட்டு வருசமா இதுதான் செய்யிறன், நீங்கள் விழுந்த கிடங்குக்குள்ள நானும் விழுந்து எழும்பினனான். ஃபைலைப் பாக்காம விலை சொல்லவே கூடாது. அதுவும் போனில, சீ. ஃபைலை முழுசா வட்ஸ்அப்பில போடச் சொல்லுங்கோ, நடுவில இருந்து ஒரு பத்துப் பக்கம் எடுத்துச் செய்து பாருங்கோ, மணிக்கூட்டைப் பாத்து. முதல் பத்துப் பக்கத்தை எடுக்காதேங்கோ, அது முன்னுரையும் நன்றியுரையும், எல்லாரும் வடிவாத்தான் வைச்சிருப்பினம். அட்டவணையும் மேற்கோளும் வாற இடந்தான் உண்மையான ஃபைல். அந்தப் பத்துக்கு ஒரு மணித்தியாலம் போகுதெண்டா 118 பக்கத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்கு உங்களுக்கு எவ்வளவு வேணுமெண்டு நீங்கள் முடிவெடுங்கோ. பக்கக் கணக்கு டைப்பிங்குக்குச் சரி, ஃபோர்மட்டிங்குக்குச் சரிவராது.

பாமினி ஃபைலுக்குத் தனி விலை. ஏனெண்டு தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், பாமினியில உள்ளுக்குக் கிடக்கிறது இங்கிலிஷ் எழுத்துத்தான், மேல தமிழ்ப் படம் மாட்டியிருக்கு, அவ்வளவுதான். பொண்ட் இல்லாத கொம்பியூட்டரில திறந்தா தமிழ் எண்ட சொல்லு ஜே கே பி ஓ செமிகோலன் எண்டு நிக்கும். யூனிகோடா மாத்திற கொன்வேட்டருக்குள்ள முழு ஃபைலையும் ஒரேயடியாப் போட்டீங்களெண்டா அது இங்கிலிஷ் புத்தகப் பேர், ஆசிரியர் பேர் எல்லாத்தையும் பாமினி எண்டு நினைச்சுத் தமிழ்க் கொத்துரொட்டி ஆக்கிப்போடும். பிறகு பாமினியில கொமா கீயில இ எழுத்து இருக்கிறபடியா கொமா வரவேண்டிய இடமெல்லாம் இ எண்டு வந்து குந்தும், மன்னார்இ முல்லைத்தீவுஇ வவுனியா எண்டு எத்தினை அறிக்கையில பாத்திருப்பீங்கள், அதெல்லாம் இந்தச் சனியன்தான். ஆனபடியா தமிழ்ப் பந்தியை மட்டும் தெரிவு செய்து மாத்துங்கோ, உசாத்துணைப் பட்டியலைத் தொடாதேங்கோ.

திருத்தம் எத்தினை தரம் எண்டதையும் முதலே எழுதிப்போடுங்கோ. நான் ரெண்டு தரம் சும்மா செய்வன், சூப்பர்வைசர் புதுசாச் சேக்கச் சொன்னது திருத்தமில்ல, புது வேலை. வேலை தொடங்க அரைவாசிக் காசு, மிச்சம் தந்தாத்தான் வேர்ட் ஃபைல், அதுவரைக்கும் பிடிஎஃப்தான் காட்டுவன். சொந்தக்காரருக்கும் இதுதான், அதாலதான் மாமி என்னோட கதைக்கிறேல்ல.

இரணைமடுக்காத்து:
நான் மற்றப் பக்கத்தில இருக்கிறனான், பிள்ளையளின்ர ரிப்போட் பாத்துப் புள்ளி போடுற ஆள். 25,000க்கு வந்த வேலைக்கு நேரா மாட்டன் எண்டு சொல்லுங்கோ. வைவாவில, அதுதான் வாய்மொழிச் சோதனையில, மூண்டாம் அத்தியாயத்தில ஏன் இந்த மாதிரியை (சாம்பிளை) எடுத்தனீர் எண்டு நான் கேக்கேக்க முழிக்கப்போறது அந்தப் பெடியன்தான், முழிச்ச முழியிலயே எங்களுக்கு விளங்கீடும். பிறகு ஆர் எழுதித் தந்தது எண்ட கேள்வி வரும், கிளிநொச்சி என்ன கொழும்பே, ஒரு நாளில உங்கட பேர் வந்து நிக்கும்.

எது எடிட்டிங் எண்டு கேட்டனீங்கள். நான் வைச்சிருக்கிற அளவுகோல் இதுதான்: வசனத்தைத் திருத்தலாம், கருத்தை உண்டாக்கேலாது. எழுவாய் பயனிலை பொருந்தேல்ல, சந்தி பிழை, ஒரே சொல்லு நாலு விதமா எழுதியிருக்கு, இதெல்லாம் திருத்துங்கோ, ஆனா வேர்ட்டில மாத்தினதெல்லாம் அடையாளமாக் காட்டுற ட்ராக் சேஞ்சஸைப் போட்டுத் திருத்துங்கோ. எழுதின ஆள் ஒவ்வொண்டாப் பாத்து ஏற்கட்டும், நாளைக்குப் பிரச்சினை வந்தா நீங்கள் தொட்டது எது தொடாதது எது எண்டதுக்கு அதுதான் சாட்சி. ஒரு பந்தி விளங்கேல்ல எண்டா நீங்கள் நினைச்சதை எழுதி நிரப்பாதேங்கோ, பக்கத்தில கொமென்ட் போட்டு இதில என்ன சொல்ல வாறியள் எண்டு கேளுங்கோ. அட்டவணையில கூட்டுத்தொகை பிழைச்சாலும் அதே மாதிரித்தான், சுட்டிக்காட்டலாம், இலக்கத்தை நீங்கள் மாத்தக்கூடாது.

இன்னொண்டு, டேர்ன்இட்இன் எண்டு களவெழுத்துப் பிடிக்கிற மென்பொருள் இருக்கு, அதில ரிப்போட் எடுத்துத் தாறம் எண்டு பேஸ்புக்கில விளம்பரம் போடுற ஆக்களிட்ட பிள்ளையளின்ர ஃபைலைக் குடுத்துப்போடாதேங்கோ. அவையள் அதைக் களஞ்சியத்தில சேக்கிற மாதிரி ஏத்திவிட்டா, பிறகு பல்கலைக்கழகம் ஏத்தேக்க அந்தப் பிள்ளையின்ர எழுத்தே அந்தப் பிள்ளைக்கு எதிராக் களவு எண்டு சிவப்பா வந்து நிக்கும். அழுது கொண்டு வந்த பிள்ளையை நான் கண்டனான்.

உங்களுக்கு வேலை வரும், அதுக்குப் பயப்பிடாதேங்கோ. கிளிநொச்சி அறிவியல்நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூண்டு பீடமும் இருக்கு, வவுனியா வளாகம் 2021இல தனிப் பல்கலைக்கழகமா வந்திட்டுது, அங்க எல்லாம் இங்கிலிஷில எழுதுற பிள்ளையள். ஆசிரியர்மார்தான் தமிழில செயல்நிலை ஆய்வு எழுதுறது. இந்த ரெண்டு கூட்டத்துக்கும் தேவை வேற வேற. மேற்கோள் காட்டுறதுக்குப் பொறியியல் பிள்ளைக்கு ஐட்ரிபிள்ஈ முறை, சதுர அடைப்புக்குள்ள இலக்கம். ஆசிரியருக்குக் கூடுதலா ஏபிஏ முறை, பேரும் வருசமும் போடுறது. எது வந்தாலும் அவையின்ர துறை குடுத்த வழிகாட்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்காம கை வைக்காதேங்கோ.

பாலைப்பழம்:
சேர், அண்ணை, ரெண்டு பேருக்கும் கனக்க நன்றி. அந்தத் தம்பிக்கு மாட்டன் எண்டு எழுதிப்போட்டன், நீங்கள் எழுதுங்கோ நான் திருத்தித் தாறன் எண்டு, இன்னும் பதில் இல்ல, ப்ளூ டிக் மட்டும் விழுந்து கிடக்கு. ஏபிஏயில எங்கட பேருகள் எனக்குப் பெரிய கரைச்சலா இருக்கு. உசாத்துணைப் பட்டியல் செய்து தாற ஸொட்டெரோ மென்பொருளில போட்டா தகப்பன்ர பேரும் பிள்ளையின்ர பேரும் இடம்மாறி வருது, என்ன செய்யிறது?

முறிகண்டிக்கச்சான்:
அது மெசினுக்கு எங்கட முறை தெரியாததால வாறது. அது வெள்ளைக்காரன் மாதிரிக் கடைசியில வாறது குடும்பப்பேர் எண்டு பிரிக்கும், இல்லாட்டி ஆரோ ஏத்திவிட்ட பிழையான தரவை அப்பிடியே இழுக்கும். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியை எடுங்கோ, கார்த்திகேசு தகப்பன். பட்டியலில சிவத்தம்பி, கா. எண்டுதான் வரவேணும், நான் கண்ட ஃபைலுகளில பாதியில கார்த்திகேசு, சி. எண்டு கிடக்கு. கைலாசபதியும் அப்பிடித்தான், கைலாசபதி, க. எண்டு வரவேணும். ஸொட்டெரோவில பேர்ப் பெட்டிக்குப் பக்கத்தில ஒரு சின்னப் பட்டன் இருக்கு, அதை அமத்தினா ரெண்டு பெட்டி ஒரு பெட்டி ஆகும், சில பேருக்கு அப்பிடிப் போட்டுத்தான் சரிக்கட்ட வேணும். மற்றது, ஏபிஏ ஏழாம் பதிப்பில பதிப்பகத்தின்ர ஊர்ப் பேர் தேவையில்ல, மூண்டு பேரோ அதுக்கு மேலயோ எழுதியிருந்தா வசனத்துக்குள்ள முதல் தடவையே முதலாமவரின்ர பேரோட மற்றும் பலர். பழைய ஆறாம் பதிப்பை வைச்சுப் படிப்பிச்ச ஆக்கள் இன்னும் ஊர்ப் பேர் கேக்கினம், அவையோட சண்டை பிடிக்காதேங்கோ, கேட்டா போட்டுக் குடுங்கோ.

ஓமந்தைச்சந்தி:
நான் காசு குடுக்கிற ஆள், என்ர கதையையும் கேளுங்கோ. ஆசிரியராத்தான் இருக்கிறன், போன வருசம் ஆய்வு ஒண்டு ஒப்படைச்சனான். செய்து தந்த பிள்ளை நல்ல பிள்ளை, ஆனா பொருளடக்கத்தைக் கையால புள்ளி வைச்சு அடிச்சுப்போட்டுது. கடைசி இரவு ஒரு அட்டவணை சேத்தன், எல்லாப் பக்க இலக்கமும் தள்ளிப்போட்டுது. தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் குடுத்திருந்தா ஒரு கிளிக்கில அப்டேட் ஆகியிருக்குமெண்டு பிறகுதான் விளங்கினது. முன்பக்கங்களுக்கு ரோமன் இலக்கம், அத்தியாயம் தொடங்க 1 எண்டு வரவேணும், அதுக்கு செக்சன் பிரேக் போட்டு முந்தினதோட இருக்கிற தொடுப்பை வெட்ட வேணுமாம், அதுவும் செய்யேல்ல. பைண்டிங்குக்கு இடப்பக்கம் ஒண்டரை அங்குலம் விடாம அடிச்சு, தைச்ச பிறகு ஒவ்வொரு வரியின்ர முதல் எழுத்தும் மடிப்புக்குள்ள போட்டுது. பைண்டிங் கடையில வேர்ட் ஃபைலைத் திறந்தா அவையிட்ட அந்தப் பொண்ட் இல்ல, 92 பக்கம் 97 ஆப்போச்சு. தங்கச்சி, கடைக்கு பிடிஎஃப்தான் குடுக்க வேணுமெண்டு வாற ஆக்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ, எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சா உங்களிட்ட ஏன் வாறம்.

மற்றது நேரத்தைச் சரியாச் சொல்லுங்கோ. கரண்ட் இல்ல, மழை, சிக்னல் இல்ல எண்டு மாரியில எல்லாருக்கும் இருக்கிறதுதான், அதையும் சேத்து நாள் கணக்குச் சொன்னா நாங்கள் ஏன் கோவிக்கப்போறம்.

பாலைப்பழம்:
அக்கா, வாசிக்கவே நெஞ்சு பதறுது, முதல் அந்த 118 பக்கத்தில இடப்பக்க மார்ஜின் எவ்வளவு விட்டனான் எண்டு இப்பதான் திறந்து பாத்தன். ஒரு அங்குலம். ரீச்சருக்கு எடுத்தன், பைண்டிங்குக்குக் குடுக்கேல்லயாம், நாளைக்குக் காலமைதான் கொண்டுபோறாவாம். இரவுக்குள்ள மாத்தி பிடிஎஃப் ஆக்கி அனுப்பிறன், இதுக்குக் காசு கேக்கேலாது, பிழை என்னில.

முறிகண்டிக்கச்சான்:
மார்ஜினை மாத்தினாப் பிறகு பொருளடக்கத்தை அப்டேட் பண்ண மறக்காதேங்கோ. அட்டவணைகள் வலப்பக்கத்தால வெளிய தள்ளி நிக்கும், ஒவ்வொண்டாப் பாருங்கோ.

பாலைப்பழம்:
ரெண்டு வெளிய நிண்டது அண்ணை. பிடிச்சிட்டன்.