யாக் சால்வையும் இரும்பு மாத்திரையும்

சரசு சித்தி: காட்மாண்டுவில் வாங்கிய யாக் சால்வை ஞாபகமிருக்கிறதா? காப்பித்தூள் நிறம். தைப்பூசத்துக்கு மஞ்சளாக்கலாமென்று சாயத்தில் முக்கினேன். இப்போது ஈரமான காப்பித்தூள் நிறம் 😭

தினேஷ்: கம்பளிச் சால்வையோடு பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் ஏறப் போகிறீர்களா சித்தி? 🥵

சரசு சித்தி: விடிகாலையில் தேர் பார்க்கப் போட்டுக்கொள்வேன், உனக்கென்ன? பள்ளிச் சட்டைக்கு ஊற்றும் பிளீச்சில் ஊறவைத்தால் வெளுத்துவிடாதா?

மணி மாமா: சரசு, ஊற்றாதே!!

மணி மாமா: அது குளோரின். பருத்திக்குத்தான் ஆகும். கம்பளியும் யாக் முடியும் நம் முடி மாதிரி கெரட்டின் என்கிற புரதம், அதில் கரைந்தே போகும். நம்பாவிட்டால் குஞ்சத்தில் ஒரு நூலை அறுத்துக் கிண்ணத்தில் போட்டுப் பார்.

கவிதா: அப்போ சலூனில் முடிக்குப் பூசுகிற பெராக்சைடு, மாமா?

மணி மாமா: வெளுக்கும். ஆனால் இந்தக் கருமை மேலே பூசிய சாயமில்லை, நாருக்குள்ளேயே விளைந்த மெலனின் என்கிற நிறமி. லேசில் அசையாது. அது போகும்வரை பெராக்சைடை ஏற்றினால் நாரும் கூடவே நைந்துவிடும்.

தினேஷ்: முடி போனால் கவரிமா, அதான் இந்த யாக், உயிரை விடுமாம். இது நிறம் போனாலே விட்டுவிடும் போல 😂

மணி மாமா: அதனால்தான் ஆலைகளில் ஒரு தந்திரம் செய்வார்கள். முதலில் ஃபெரஸ் சல்பேட் என்கிற இரும்பு உப்புக் கரைசலில் சூடாக்குவார்கள். இரும்பு போய் மெலனினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சுடுநீரில் அலசி அலசி எடுப்பார்கள். வேறு இடத்தில் ஒட்டிய இரும்பெல்லாம் போய்விடும், மெலனினில் இருப்பது மட்டும் தங்கும். அதற்குப் பிறகுதான் பெராக்சைடு. இரும்பு இருக்கிற இடத்தில் அது வெறி பிடித்தாற்போல் வேலை செய்யும். அடி மெலனினுக்கு, நாருக்குப் பாதி தண்டனைதான்.

கவிதா: பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையும் ஃபெரஸ் சல்பேட்தானே?

மணி மாமா: அதே உப்புதான். சரசு, மாத்திரையை இடித்துப் போட்டுவிடாதே.

சரசு சித்தி: இடிகல்லைத் திரும்ப வைத்துவிட்டேன் 🙈

மணி மாமா: அலசல் சரியில்லையென்றால் மிச்ச இரும்பு நாரையே தின்றுவிடும். சூடு, பி.எச். (அமிலத்தன்மை அளவு) இரண்டையும் அளந்துகொண்டே செய்கிற வேலை. அவ்வளவு பாடுபட்டும் பால் வெள்ளை வராது, லேசான மஞ்சள் நிற்கும்.

சரசு சித்தி: எனக்கு வேண்டியதே மஞ்சள்தானே அண்ணா!!

மணி மாமா: 🤦🏾‍♂️

சரசு சித்தி: குஞ்சத்து நூலைப் பிளீச்சில் போட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். வந்து பார்த்தால் கிண்ணத்தில் நூலையே காணோம். சால்வை அலமாரிக்குப் போய்விட்டது. சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் மஞ்சள் துண்டு வாங்கப் போகிறேன், யாருக்கு வேண்டும்?

கவிதா: எனக்கு 2.

தினேஷ்: எனக்கும். பருத்தி, சித்தி!