தியத்தலாவையா, கொத்தலாவல பல்கலைக்கழகமா? மகனின் விருப்பம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: அப்புத்தளைத் தகப்பன்

அனைவருக்கும் வணக்கம். அப்புத்தளைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்க்கிறேன். என் மூத்த மகன் 2006 இல் பிறந்தவன். கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். பாடசாலையில் மாணவர் படையணியில் (கெடேட்) சேர்ந்து சார்ஜன்ட் பட்டி வரை வாங்கியவன், இப்போது இராணுவத்தில் அதிகாரியாகவே சேர வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறான். அவனுடைய தாயாருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. எனக்கோ விருப்பு வெறுப்பைச் சொல்லும் அளவுக்குக்கூட விபரம் தெரியாது. பதுளை ரயிலில் எத்தனையோ நூறு தடவை தியத்தலாவையைக் கடந்திருக்கிறேன். மலைச்சரிவில் கற்களால் பதித்த நரி உருவத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்த முகாம் வேலிக்கு உள்ளே யார், எந்த வழியாக, எதற்காகப் போகிறார்கள் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து அந்த வேலிக்குள் போனவர்கள் மேசன் வேலைக்கும் மரக்கறி இறக்கவும் போனவர்களே.

மகன் ஒருநாள் தியத்தலாவை என்கிறான், மறுநாள் இரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் என்கிறான். இரண்டும் ஒரே பாதையா, வேறு வேறு பாதைகளா என்பதை யாராவது விளக்கினால் நன்று. எங்கள் குடும்பத்துக்கு, நாடற்றவர்களாக இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 1988 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. நான் பிறந்தபோது என் தகப்பனார் எந்த நாட்டுக்கும் உரியவராக இருக்கவில்லை. விண்ணப்பத்தில் இது இடறுமா? மகனின் சிங்களம் கடைத்தெருவில் பேசிப் பழகிய சிங்களம், ஆங்கிலம் புத்தகத்தில் படித்த ஆங்கிலம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் அங்கே தாக்குப்பிடிப்பானா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், பதுளை

ஐயா, பாடசாலையொன்றில் மாணவர் படையணிக்குப் பொறுப்பாசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தியத்தலாவையில் இருப்பது இலங்கை இராணுவத்தின் அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி. 1949 இல் இராணுவம் சட்டப்படி அமைக்கப்பட்டபோது நம்மிடம் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க ஓர் இடமும் இல்லாததால், தெரிவு செய்யப்பட்ட இளைஞர்கள் இங்கிலாந்தின் சான்ட்ஹர்ஸ்ட் கல்லூரிக்கும், பின்னர் இந்தியாவின் டெஹ்ராடூனுக்கும் பாகிஸ்தானின் காகுலுக்கும் அனுப்பப்பட்டார்கள். தியத்தலாவையில் 1950 இல் தொடங்கியது சாதாரண சிப்பாய்களுக்கான பயிற்சி நிலையமே. அதிகாரிகளை இங்கேயே பயிற்றுவிக்கும் வழக்கம் 1960களின் பிற்பகுதியில்தான் வந்தது. ‘இலங்கை இராணுவ அக்கடமி’ என்ற இப்போதுள்ள பெயரை அது 1981 இல் பெற்றது. அதற்கு முன்னரே அந்த மேடு படைகளின் மேடுதான். போவர் யுத்தத்தில் பிடிபட்ட ஏறத்தாழ 5000 கைதிகளைத் தென்னாபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து, 1900 இல் ஆங்கிலேயர் அடைத்து வைத்ததும் அங்கேதான். ஏறத்தாழ 4000 அடி உயரத்துக் குளிரும், ஏறி இறங்கும் குன்றுகளும், விலகியிருக்கும் வெளியும் சிறை வைக்கவும் உதவின, பயிற்சி அளிக்கவும் உதவின.

கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் அதிலிருந்து வேறானது. பிரதமராக இருந்த சேர் ஜோன் கொத்தலாவல தமது கந்தவளைத் தோட்டத்தையும் இல்லத்தையும் கொடுத்த இடத்தில், 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முப்படைக்கும் பொதுவான கல்லூரியாக அது அமைந்தது. 1988 இல் பட்டம் வழங்கும் தகுதியையும், 2007 இல் பல்கலைக்கழகம் என்ற பெயரையும் பெற்றது. அங்கே பயிலிளவல்களாக, அதாவது பயிற்சி அதிகாரிகளாக, சேர்பவர்கள் பொறியியல், மருத்துவம், சட்டம், கணினி, முகாமைத்துவம் போன்ற துறைகளில் பட்டப்படிப்பைப் படிக்கிறார்கள். அதனோடு படைப் பயிற்சிக்காகத் தத்தம் கல்லூரிக்கும் போகிறார்கள். தரைப்படைக்காரர் தியத்தலாவைக்கு வருவர். கடற்படைக்காரர் திருகோணமலைக்கும் விமானப்படைக்காரர் சீனக்குடாவுக்கும் செல்வர். இந்தியாவில் கடக்வாஸ்லாவில் முப்படையினரும் சேர்ந்து படித்துவிட்டுப் பிறகு டெஹ்ராடூன் முதலிய இடங்களுக்குப் பிரிவார்கள் அல்லவா, ஏறக்குறைய அதே அமைப்புத்தான். ஆகவே உங்கள் மகன் சொல்லும் இரண்டு பெயர்களில் எதைப் பிடித்தாலும், தரைப்படை அதிகாரியாக வேண்டுமானால் கடைசியில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அந்த மேட்டுக்கே வந்து சேர வேண்டும்.

எந்தப் பாதை என்பதைப் பெரும்பாலும் பெறுபேறே தீர்மானிக்கும். கொத்தலாவலவில் பயிலிளவல் இடங்கள் மிகக் குறைவு, உயர்தரப் பெறுபேற்றில் கணிக்கும் இசட் புள்ளி உயர்வாக இருக்க வேண்டும். தியத்தலாவைக்கு நேரடியாக விண்ணப்பிப்பவர்களிடமும் உயர்தரச் சித்தியைக் கேட்பார்கள். ஆயினும் அங்கே ஓட்டமும் உடற்தகுதியும் நேர்முகப் பரீட்சையும் கூடுதலாகப் பேசும். மாணவர் படையணிச் சான்றிதழ்கள் நிச்சயம் கைகொடுக்கும், குறிப்பாக ரந்தம்பையில் நடக்கும் படையணிப் பயிற்சி முகாம்களுக்குப் போய் வந்திருந்தால். அவை வாசலைத் திறக்குமேயன்றி உள்ளே இடம் போட்டுத் தரமாட்டா.

ஒன்றைத் தாயாருக்கும் சொல்லுங்கள். சிப்பாயாகச் சேர்வதும் பயிலிளவல் அதிகாரியாகச் சேர்வதும் ஒன்றல்ல. பயிற்சி முடித்து இரண்டாம் லெப்டினன்டாக வெளியே வரும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையனின் கையில், தகப்பன் வயதுள்ள சார்ஜன்ட்மாரும் அடங்கிய ஒரு பிளட்டூனைக் கொடுப்பார்கள். அந்தப் பொறுப்பைத் தாங்குவானா என்றுதான் அங்கே பையனை எடைபோடுகிறார்கள். அணிவகுப்பு, ஆயுதம், வரைபடம் பார்த்து இரவில் வழி கண்டுபிடித்தல், இராணுவச் சட்டம் என்று பாடங்கள் பலவாக இருந்தாலும், தூக்கமும் சோறும் குறைந்த நேரத்தில் நிதானம் தவறாமல் முடிவெடுப்பவன் யார் என்பதையே பயிற்றுநர்கள் கவனிப்பார்கள்.

பதில்: ஹட்டன் மாணவி

வணக்கம் ஐயா. நான் கொத்தலாவல பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்திப் படித்த சாதாரண மாணவி, படையைச் சேர்ந்தவள் அல்லள். இலவசக் கல்விக்கு இடையூறு என்று 2021 இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டமூலத்துக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தபோது என்னைப் போன்றவர்களின் நிலை சற்றுச் சங்கடமாக இருந்தது. அது இங்கே பேச வேண்டிய விடயமன்று.

பயிலிளவல்கள் எங்களுடன் ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்தார்கள். நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வரும் வேளையில் அவர்கள் விடியற்காலை ஓட்டத்தையும் அணிவகுப்பையும் முடித்து, சீருடையை மாற்றி, வரிசையாக நடந்து வந்திருப்பார்கள். கண் சொக்குகிறது என்று தெரிந்ததும் தாமாகவே எழுந்து பின்சுவரோரம் நின்றபடி குறிப்பெடுத்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். பொறியியல் படிப்பே தனியாக ஓர் ஆளை விழுங்கக் கூடியது. அதன்மேல் இதையும் சுமக்க வேண்டும் என்பதை உங்கள் மகன் தெரிந்துகொள்ளட்டும். அவர்களுக்குப் படிப்புச் செலவு இல்லை, மாதச் சம்பளமும் உண்டு. அதற்கு ஈடாகப் பிணைமுறியில் கையெழுத்திட வேண்டும், பாதியில் விலகினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். தோட்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு அது சிறிய தொகையாக இராது. கையெழுத்திடுவதற்கு முன்னர் அந்தப் பத்திரத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முழுவதுமாக வாசியுங்கள்.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். விரிவுரைகளும் பரீட்சைகளும் ஆங்கிலத்தில்தான். ஆனால் விடுதியில், மைதானத்தில், சாப்பாட்டு மேசையில் ஓடுவது சிங்களம். வேகமாகச் சொல்லப்படும் ஒரு கட்டளை அரை விநாடி தாமதமாகப் புரிந்தால் முழு அணியும் தண்டனை ஓட்டம் ஓட நேரும், அப்போது கூட இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். கடைத்தெருச் சிங்களம் பேச்சுக்குப் போதும். எழுதவும் அறிக்கை வாசிக்கவும் பழக வேண்டும். பெறுபேறு வரும் வரை உள்ள மாதங்களை அதற்கே கொடுக்கச் சொல்லுங்கள். நம்மவர்கள் இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைவிட முன்னிற்கிறோம், ஏனென்றால் சிங்களத்தைக் காதால் கேட்டே வளர்ந்திருக்கிறோம்.

பதில்: தலவாக்கலை வாசகன்

வழி சொல்பவர்கள் சொல்லட்டும், நான் தாயாரின் பக்கம் நின்று பேசுகிறேன். நமது மலைநாட்டில் சீருடை என்றால் என்ன ஞாபகம் வருகிறது? 1983 இனக்கலவரத்தில் நம் தோட்டத்து லயன் வீடுகள் எரிந்தபோது பார்த்துக்கொண்டு நின்ற சீருடை. யுத்த காலத்தில் கொழும்பில் கடைவேலைக்குப் போன நம் பையன்களை அடையாள அட்டையோடு இறக்கிக் கொண்டுபோன சீருடை. 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு நிலையத்தில் தமிழ் இளைஞர்களைக் கும்பல் கொன்றபோது காவலுக்கு நின்ற சீருடை. அவை பொலிஸ் சீருடையா இராணுவச் சீருடையா என்று தாய்மார் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அந்த அம்மா மறுப்பதை அறியாமை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

தியத்தலாவையிலேயே நில அளவை மற்றும் படமாக்கல் நிறுவகம் இருக்கிறது. கணிதம் படித்த பையன் அதைப் பற்றியும் யோசிக்கலாம்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், பதுளை

தலவாக்கலைத் தம்பி சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. பிந்துனுவெவ செய்தி வந்த வாரத்தில் என் வகுப்பிலிருந்த மாணவர் படையணிப் பிள்ளைகள் இருவர் சீருடையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்; நான் அவர்களைத் தடுக்கவில்லை.

ஆனாலும் இந்தப் படை தொடக்கத்திலிருந்தே நமக்கு மூடியிருந்தது என்று பையன் எண்ணிக்கொண்டு போகக் கூடாது. ஆங்கிலேயத் தளபதிகளுக்குப் பிறகு இலங்கை இராணுவத்துக்குத் தலைமை தாங்கிய முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர், 1955 முதல் 1959 வரை. 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தலைமை வகித்தவர் ராஜன் கதிர்காமர். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டமும், 1962 இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புச் சதி முயற்சிக்குப் பின்னர் வந்த சந்தேகமும், அதற்குப் பிறகு நடந்த யாவும் சேர்ந்தே அதிகாரி வரிசையில் தமிழ்ப் பெயர்களை அருகச் செய்தன. அவர்கள் இருவரும் கொழும்பிலும் பெரிய பாடசாலைகளிலும் வளர்ந்தவர்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. நம் தோட்டத்துப் பிள்ளைகளின் கதை வேறு. வாக்குரிமையே இல்லாதவர்களை எந்தப் படையில் சேர்ப்பார்கள்?

பெரட்டுக்களம் என்று நாம் சொல்கிறோமே, விடியற்காலையில் கங்காணி ஆள் எண்ணிக் கணக்கெடுக்கும் இடம், அந்தப் பெரட்டு என்ற சொல் ‘பரேட்’ என்ற இராணுவச் சொல்லிலிருந்து வந்ததுதான். நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக நம்மவர்கள் பரேட்டில் நிற்கிறார்கள். கட்டளை சொல்லும் பக்கத்தில் நின்றவர்கள்தான் இல்லை. என் மாணவர்களில் ஒருவனாவது அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. அது என் ஆசையேயன்றி உங்கள் மகன் தீர்க்க வேண்டிய கடன் அன்று.

பதில்: பதிவுப் பிரஜையின் மகன், நுவரெலியா

பிரஜாவுரிமை பற்றிய கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். காணிக் கச்சேரி, பிரஜாவுரிமைக் கச்சேரி என்று அரச அலுவலகங்களில் அலைந்தே வளர்ந்தவன் என்பதால் இதை மட்டும் சொல்கிறேன். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்த பிள்ளை, பிறக்கும் வேளையில் தகப்பன் இலங்கைப் பிரஜையாக இருந்தால் பரம்பரைப் பிரஜையாகும். 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர் தாயோ தகப்பனோ ஒருவர் பிரஜையாக இருந்தாலே போதும். ஐயா எந்தச் சட்டத்தின் கீழ் பிரஜையானார் என்பது இங்கே பொருட்டல்ல. 2006 இல் மகன் பிறந்தபோது அவர் பிரஜை, ஆகவே மகன் பரம்பரைப் பிரஜை. விண்ணப்பத்தில் தயங்காமல் அப்படியே எழுதலாம்.

பிறப்புச் சான்றிதழில் ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சில கந்தோர்களில் குழப்பிக்கொள்வார்கள். அது இனத்தைக் குறிக்கும் நிரலேயன்றிப் பிரஜாவுரிமையைக் குறிப்பதல்ல. உங்கள் பிரஜாவுரிமைச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று, சிரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாத்தா பாட்டிமாரை இந்தியாவா இலங்கையா வைத்துக்கொள்வது என்று 1954 ஜனவரியில் நேருவுடன் ஒப்பந்தம் செய்தவர் அதே சேர் ஜோன் கொத்தலாவலதான். அவருடைய வீட்டுக் காணியில் நம் தோட்டத்துப் பிள்ளை பயிலிளவலாக நிற்பதைப் பார்க்க என் அப்பா இருந்திருந்தால் ஒரு பொட்டலம் இனிப்பு வாங்கியிருப்பார்.

பதில்: அப்புத்தளைத் தகப்பன்

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை நேற்றிரவு வீட்டில் உரக்க வாசித்தேன். தலவாக்கலைத் தம்பி எழுதிய இடத்தில் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆசிரியர் ஐயாவின் பெரட்டுக் கதை வந்தபோது திரும்பி வந்து வாசலில் நின்று கேட்டாள். தீபாவளிக்கு வீட்டுக்கு விடுவார்களா என்று மட்டும் கேட்டாள், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நில அளவை நிறுவகத்தின் விபரத்தையும் எடுத்து வைப்பதாக மகன் ஒத்துக்கொண்டான், அரைமனதோடுதான்.

பெறுபேறு வரும் வரை அவன் பண்டாரவளையில் ஒரு பிக்குவிடம் சிங்களம் எழுதப் பழகப் போகிறான், வாரத்தில் மூன்று நாள். மருத்துவப் பரிசோதனையில் கண்ணை நுணுக்கமாகப் பார்ப்பார்கள் என்று அவனுடைய கெடேட் நண்பன் சொன்னானாம். கரும்பலகையில் சின்ன எழுத்துத் தெரியவில்லை என்று பத்தாம் வகுப்பிலேயே சொன்னவன் அவன். வருகிற சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் அவனைக் கண் வைத்தியரிடம் கூட்டிப் போகிறேன்.