புது டபுள் பேரல் துப்பாக்கியில் இரண்டாவது பேரல் விழவில்லை: எடுக்கலாமா, திருப்பலாமா?

தேவிபட்டினம்_அப்பா

வணக்கம். என் மகள் ட்ராப் சுடுகிறாள், பறக்கவிடும் மண் தட்டைச் சுடும் போட்டி. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் அணியோடு தங்கம் வாங்கியதைப் பார்த்துத்தான் இதில் இறங்கினாள். இதுவரை கிளப் துப்பாக்கியில் சுட்டுவந்தாள். இப்போது சங்கத்தின் பரிந்துரையோடு அவளுக்கென்று ஒரு 12 போர் இத்தாலியத் துப்பாக்கி வரவழைத்திருக்கிறோம். பேரல் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் வகை. லைசென்ஸ் வேலை முடிந்தது. டீலர் கடையில் கையெழுத்துப் போட்டு எடுப்பதுதான் பாக்கி.

போய்ப் பார்த்ததில் மூன்று விஷயம் உறுத்துகிறது. ஒன்று, திறக்கவே கை வலிக்கிறது. மூடினால் மேலே உள்ள லீவர் நடுவுக்கு வராமல் வலது பக்கமாகவே நிற்கிறது. இரண்டாவது, கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் மரம் கொஞ்சம் மேடாக நிற்கிறது, நகத்தால் தடவினால் தட்டுகிறது. மூன்றாவதுதான் பெரிய பயம். டம்மி தோட்டா போட்டு ட்ரிகரை இழுத்தால் முதல் பேரலுக்கான சுத்தியல் ‘டக்’ என்று விழுகிறது. மறுபடி இழுத்தால் ஒன்றுமே இல்லை. டீலர் “சுட்டா சரியாயிரும் சார்” என்கிறார். அதை நம்பிக் கையெழுத்துப் போடலாமா? குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து போட்ட பணம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுகை_ட்ராப்

சார், மூன்றாவதிலிருந்து வருகிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாதது. பெரும்பாலும் அது குறை இல்லை. ஒற்றை ட்ரிகரில் இரண்டு வகை உண்டு. மெக்கானிக்கல் வகையில் எத்தனை முறை டம்மி போட்டு இழுத்தாலும் இரண்டும் விழும். இன்னொரு வகையில், முதல் தோட்டா வெடித்துத் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது உள்ளே இருக்கும் ஒரு சின்ன எடைக்கட்டி அசைந்து, ட்ரிகரை அடுத்த பேரலுக்கு மாற்றிக் கொடுக்கும். உதை இல்லையென்றால் மாற்றம் இல்லை. டம்மியில் உதை ஏது? டீலர் சொன்னது சரிதான், காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சோதிக்கும் விதம் இது. துப்பாக்கி காலி என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்துகொண்டு, டம்மி போட்டு முதல் பேரலை விழவையுங்கள். ட்ரிகரிலிருந்து விரலை முழுசாக எடுங்கள். கட்டையின் பின்பக்க ரப்பரில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. இப்போது இழுத்தால் இரண்டாவது விழ வேண்டும். பிறகு செலக்டரை, அதாவது எந்தப் பேரல் முதலில் என்று தேர்ந்தெடுக்கும் விசையை மாற்றி, மேல் பேரலில் ஆரம்பித்து இதையே செய்யுங்கள். தட்டியும் விழவில்லையென்றால் அது நிஜமான கோளாறு, எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. போட்டியில் 24 கிராமுக்கு மேல் ஈயம் உள்ள தோட்டாவுக்கு அனுமதி இல்லை. அதன் உதை லேசானது. 28 கிராமில் ஒழுங்காக மாறும் ட்ரிகர் சில சமயம் 24-ல் முரண்டு பிடிக்கும். தகுதிச் சுற்றில் பறக்கும் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா உண்டு, அந்த இரண்டாவது தோட்டா காப்பாற்றும் தட்டுகள் நிறைய. அதனால் ரேஞ்சில் முதல் நாளே பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 24 கிராம் தோட்டாவில் இதைக் கவனியுங்கள்.

தொண்டிக்காரன்

மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன் அண்ணே. லீவர் வலது பக்கம் நிற்பது நல்ல சகுனம். பூட்டு தேயத் தேய அது நடுவுக்கு வரும், இன்னும் தேய்ந்தால் இடது பக்கம் போகும். புதிதிலேயே நடுவில் நின்றால்தான் நான் யோசிப்பேன். இறுக்கமும் அப்படியே, சுடச் சுட இளகும். ஆனால் இறுக்கத்துக்கு உள்ளே தளர்ச்சி ஒளிந்திருக்கலாம். பேரலுக்குக் கீழே உள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் பேரலை இடவலமாக அசைத்துப் பாருங்கள். துளிகூட ஆடக்கூடாது. மூடியபடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பேரலின் பின்முகத்துக்கும் பூட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியக்கூடாது.

மரம் மேடாக இருப்பதை வேண்டுமென்றே விடுவார்கள். பின்னால் தேய்த்துப் பாலிஷ் போடும்போது அது குறையும். மரம் இரும்பைவிடத் தாழ்ந்திருந்தாலோ, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் இடைவெளியுமாக இருந்தாலோதான் மோசம். உதை முழுவதும் ஒரே இடத்தில் இறங்கி அங்கிருந்து விரிசல் விடும். கை பிடிக்கும் மெலிந்த இடத்தில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே வெட்டி ஓடக்கூடாது. பளபளப்பும் பூ வேலையும் எவ்வளவு இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

பேரலைத் தனியாகக் கழற்றி, கொக்கிப் பக்கத்தை விரலில் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். பித்தளைக் குடத்தைத் தட்டிய மாதிரி நீண்டு ஒலிக்க வேண்டும். கரகரவென்று அடங்கினால் பேரலின் மேல் நீளவாக்கில் ஓடும் பட்டையான ரிப் எங்கோ பற்று விட்டிருக்கலாம். உள்ளே பார்க்கும்போது ஒளி வளையங்கள் சீரான வட்டமாக இருக்க வேண்டும், ஒரு இடத்தில் நெளிந்தால் அங்கே பள்ளம். இத்தாலியின் கார்டோன் துப்பாக்கிச் சோதனைக்கூட முத்திரையும், தோட்டா உட்காரும் அறையின் நீளம் 70 அல்லது 76 மி.மீ. என்ற எண்ணும் பேரலில் பொறித்திருக்கும், அதையும் பாருங்கள்.

கீழக்கரை_அக்கா

தம்பிகள் இரும்பையே பேசுகிறீர்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போங்கள் அண்ணா. கண்ணை மூடித் தோளில் வைத்து, கண் திறக்கும்போது ரிப் அவள் கண்ணுக்கு நேரே வர வேண்டும். கன்னம் மரத்தில் பதிய வேண்டும், கழுத்து நீளக்கூடாது. பெண்களுக்குப் பெரும்பாலும் கட்டை நீளமாகிப்போகிறது. வெட்டிக் குறைக்கலாம், கன்னம் பதியும் பகுதி ஏற்றி இறக்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ட்ராப் துப்பாக்கி மூன்றரைக் கிலோவுக்கு மேல்தான் இருக்கும். அதை அவள் 25 தட்டும் தூக்கிச் சுட முடியுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். பேரலும் பொருத்தமும் சரியாக இருந்தால் மற்றதைப் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பாம்பன்_மெக்கானிக்

எனக்குத் துப்பாக்கி தெரியாது. விசைப்படகு எஞ்சின் வேலை. ஆனால் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று தெரியும். தேவிபட்டினத்தில் கடல் வாசலிலேயே இருக்கிறது. ஸ்பான்ஜ் வைத்த பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் காறிப் பிசுக்காகிவிடும். மெல்லிய எந்திர எண்ணெய், சிலிக்கா ஜெல், கூடவே துரு தடுக்கும் தாள். வியர்வைக் கை பட்ட இடத்தை அன்றைக்கே துடைத்துவிட வேண்டும்.

தொண்டிக்காரன்

பாம்பன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பேரல் வாயில் திருகும் சோக் குழாயின் மரையில் கிரீஸ் தடவி அடிக்கடி கழற்றி மாட்டுங்கள், விட்டால் உப்பில் இறுகிப்போகும். நிறுத்தி வைத்தால் வாய் கீழே இருக்கட்டும், எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தை ஊறவைக்காது.

தேவிபட்டினம்_அப்பா

இன்று மகளோடு போய்ப் பார்த்தேன். தட்டியதும் இரண்டாவது பேரல் விழுந்தது, செலக்டரை மாற்றியும் விழுந்தது. பேரல் ஆடவில்லை, ஒலி நன்றாக நீண்டது. கட்டை அவளுக்குக் கொஞ்சம் நீளம், குறைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றுதான் இடிக்கிறது. இரண்டு பேரலையும் விழவைத்துத் திறந்தால் கீழ் டம்மி துள்ளி வெளியே வருகிறது, மேல் டம்மி பாதியில் நிற்கிறது.

புதுகை_ட்ராப்

அது மேல் பேரலின் எஜெக்டர், சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் பாகம். இரண்டும் ஒரே நேரத்தில் துள்ள வேண்டும். ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், அல்லது ஓடும் பள்ளத்தில் ஒரு சின்னப் பிசிறு இருக்கலாம். கடை மெக்கானிக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், பெரிய வேலை இல்லை. ஆனால் புதுப் பொருளில் அதை நீங்கள் ஏற்க வேண்டாம். சரி செய்து, உங்கள் கண் முன்னால் இரண்டும் துள்ளிக் காட்டிய பிறகு எடுங்கள். கட்டை குறைப்பதையும் எஜெக்டரையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

தேவிபட்டினம்_அப்பா

பேசிவிட்டேன், எழுதித் தர ஒத்துக்கொண்டார். துப்பாக்கி அவரிடமே இருக்கிறது. இரண்டு வேலையும் முடிந்ததும்தான் கையெழுத்து. எல்லோருக்கும் நன்றி.