லேப் டைம் குறைய காரை மாற்றுவதா, எடையைக் குறைப்பதா?

கேள்வி (சிவப்பு எம்எக்ஸ்):
வணக்கம். நான் ஓட்டுவது மஸ்தா எம்எக்ஸ்-5. பின்சக்கர டிரைவ், 1,050 கிலோ. இதுவரை மூன்று முறை ட்ராக்கில் ஓட்டியிருக்கிறேன். போன முறை என் சிறந்த லேப் 2:04. இரண்டு மடங்கு பவர் உள்ள நான்கு சக்கர டிரைவ் கார் ஒன்று 1:58 ஓடியது. ஒவ்வொரு வளைவு முடிந்ததும் அது என்னை விட்டு ஓடிவிடுகிறது, மனசே கேட்கவில்லை. காரை மாற்றலாமா, இதிலேயே எடையைக் குறைக்கலாமா?

பதில் (மழைத்தடம்):
வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற இடத்தில் நான்கு சக்கர டிரைவுக்குத்தான் லாபம். தடம் ஈரமாக இருந்தால் இன்னும் அதிகம். 1961-இல் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் கோல்டு கப் பந்தயத்தை ஸ்டெர்லிங் மாஸ் ஃபெர்குசன் பி99 என்ற நான்கு சக்கர டிரைவ் காரில் ஜெயித்தது ஈரத் தடத்தில்தான். ஃபார்முலா 1-இல் நான்கு சக்கர டிரைவ் கார் பெற்ற ஒரே வெற்றி அது. 1969-இல் லோட்டஸ், மாத்ரா, மெக்லாரன் எல்லாம் முயன்றுவிட்டுக் கைவிட்டன. காய்ந்த தடத்தில் உங்கள் பவருக்குப் பின் டயர் இரண்டே போதும்.

பதில் (கிலோ கணக்கு):
எடை எல்லா இடத்திலும் நேரத்தைத் தின்னும். டயர்மேல் பாரம் இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பாகாது, அதைவிடக் குறைவாகவே கூடும். எடை குறைந்த கார் வளைவில் வேகமாகப் போவது அதனால்தான். ஃபார்முலா 1-இல் 10 கிலோ பெட்ரோலுக்கு லேப்புக்குச் சுமார் 0.3 நொடி என்று கணக்கு வைப்பார்கள்.

பதில் (மூன்றாம் கியர்):
என்னிடமும் இதே கார்தான். சீட், வீல் எல்லாம் மாற்றி 40 கிலோ குறைத்தேன். ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. அப்புறம் ஒருநாள் பயிற்சியாளர் ஒருவர், நான் இறங்கிய கையோடு அதே டயரில் என் காரை ஓட்டினார். நான்கரை நொடி குறைவு!

அன்று இரவே கார் பதிவுசெய்த இருவர் டேட்டாவையும் (வேகம், பிரேக், ஸ்டீயரிங்) ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். நீண்ட வலது வளைவில் நான் வளைவுக்கு 100 மீட்டர் முன்னால் உள்ள பலகையிலேயே பிரேக்கை ஏறி மிதித்திருக்கிறேன். பிறகு சட்டென்று காலை எடுத்துவிட்டு, பிரேக்கும் இல்லை ஆக்ஸிலரேட்டரும் இல்லை, முக்கால் நொடி சும்மா உருண்டிருக்கிறேன். முன்பக்கம் வெளியே தள்ளவும் ஸ்டீயரிங்கை இன்னும் ஒடித்திருக்கிறேன். அவர் பிரேக்கைத் தொடுவதே 80 மீட்டரில். தொட்டபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி அபெக்ஸ் வரை, அதாவது வளைவின் உள்விளிம்பை ஒட்டிப்போகும் இடம் வரை, கொண்டுபோகிறார். பாரம் முன் டயரில் உட்கார்ந்திருப்பதால் கார் தானாகத் திரும்புகிறது. வளைவின் நடுவில் என் வேகம் 82, அவருடையது 89. அந்த ஏழோடுதான் அவர் அடுத்த நேர்ப்பாதையில் இறங்குகிறார். என்ஜின் ஒன்றுதானே!

நீங்கள் வளைவு முடிந்தபின் நடப்பதை மட்டும் சொல்கிறீர்கள். வளைவுக்குள் நுழையும்போது அந்த நான்கு சக்கர டிரைவ் காரை நெருங்குகிறீர்களா? உங்கள் காரின் எடைக்கு நெருங்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் இப்போதைக்குக் காரைத் தொடாதீர்கள். அந்தப் பணத்தில் பயிற்சியாளரோடு ஒருநாள் ஓட்டுங்கள்.

சிவப்பு எம்எக்ஸ்:
வீடியோவைப் போட்டுப் பார்த்தேன் அண்ணா. ஒரே ஒரு வளைவில்தான் நெருங்குகிறேன். பிரேக்கோடு திருப்பினால் பின்பக்கம் ஆடுமே, அதுதான் பயம்.

மூன்றாம் கியர்:
ஸ்டீயரிங் கூடக் கூட பிரேக் குறைய வேண்டும், ஆடாது. வேகம் குறைந்த, வெளியே தாராளமாக இடம் உள்ள வளைவில் முதலில் பழகுங்கள். சரி, அந்த வீடியோவை எனக்கும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.