ஜப்பானிய முள்ளங்கி அடை தோசைக்கல்லில் ஒட்டி உதிர்கிறது: எங்கே தவறுகிறேன்?

கோபிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக இரண்டாண்டுகள் ஒசாகாவில் இருந்தபோது, கீழ்வீட்டுப் பாட்டியார் குளிர்காலத்தில் அடிக்கடி செய்து கொடுத்த ‘தைக்கோன் மொச்சி’ என்னும் முள்ளங்கி அடையை, ஊர் திரும்பிய பிறகு வீட்டில் செய்து பார்த்தேன். அவர் செய்தது ஓரங்களில் மொறுமொறுப்பாகவும், நடுவில் பிய்த்தால் சற்று இழுபடும் பதத்திலும், மேலே சோயா சாஸும் இனிப்பும் சேர்ந்த பளபளப்போடும் இருக்கும். நான் செய்தது அப்படி வரவில்லை.

உழவர் சந்தையில் வாங்கிய அரைக் கிலோ முள்ளங்கியைத் துருவி, துணியில் கட்டி ஒரு சொட்டு இல்லாமல் முறுக்கிப் பிழிந்து, பச்சரிசி மாவும் உப்பும் வெங்காயத்தாளும் சேர்த்து வடைபோலத் தட்டிக் கல்லில் போட்டேன். அடியில் ஒட்டிக்கொண்டது, திருப்பும்போது உதிர்ந்தது, உள்ளே மாவு வேகாமல் நறநறத்தது. போதாக்குறைக்கு முள்ளங்கி நெடி கூடம் வரை வந்துவிட்டது. “இதுக்குப் பேசாம சாம்பாரே வெச்சிருக்கலாம் கண்ணு” என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ராசிபுரத்துக்காரி:

தம்பி, முள்ளங்கியின் மேல் குற்றமில்லை. நீங்கள் சேர்த்த மாவும், கொட்டிவிட்ட தண்ணீரும்தான் காரணம். ஜப்பானில் இதற்குச் சேர்ப்பது ‘கத்தகுரிகோ’ என்னும் வெள்ளை மாவு. முற்காலத்தில் கத்தகுரி என்ற ஒரு மலைப்பூச் செடியின் கிழங்கிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. இப்போது உருளைக்கிழங்கிலிருந்து எடுக்கிறார்கள், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் பக்கத்து ஜவ்வரிசியின் கதையும் இதேதான்: ஒரு வகைப் பனைமரத்துச் சோற்றிலிருந்து வந்த பொருளின் பெயரில் இன்று சேலம், நாமக்கல் ஆலைகளில் குச்சிக்கிழங்கிலிருந்து, அதாவது மரவள்ளியிலிருந்து, செய்கிறோம்.

ஆகவே உருளைக்கிழங்கு மாவு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். குச்சிக்கிழங்கு ஸ்டார்ச் மாவே இதற்கு மிகவும் பொருந்தும், இழுபடும் தன்மை கொஞ்சம் கூடுதலாகவே வரும். நல்ல மாவை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் புது மணலில் நடப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். வீட்டில் இருக்கும் ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்துச் சேர்த்துவிடாதீர்கள். அது ஆலையிலேயே சூடு கண்டு பாதி வெந்த பொருள் என்பதால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கொழகொழத்துப் போகும்.

அடுத்தது தண்ணீர். முள்ளங்கியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், அந்த மாவை வேகவைப்பதும் அதே தண்ணீர்தான். முறுக்கிப் பிழிந்துவிட்டால் மாவு எதைக் குடித்து வேகும்? துருவலை உள்ளங்கையில் அள்ளி ஒரே ஒரு முறை அழுத்தி, சாறு சொட்டுவது நின்றதும் விட்டுவிடுங்கள். அப்படி எடுத்த துருவல் ஒரு கோப்பைக்கு நான்கு மேசைக்கரண்டி மாவு போதும். கலவை கையில் ஒட்டும், தளர்வாகவும் இருக்கும்; அதற்குப் பயந்து மேலும் மாவைக் கொட்டினால் அடை ரப்பராகிவிடும்.

காங்கேயத்து அடுப்படி:

அக்கா மாவைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நெடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முள்ளங்கியைத் துருவும்போது அதன் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் கலப்பதால்தான் கடுகுக்கு உள்ளது போன்ற காரமும் நெடியும் பிறக்கின்றன. துருவி வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போனால் வாடை மாறி மோசமாகும். ஆதலால் கல்லைச் சூடேற்றிய பிறகே துருவுங்கள். இலைப்பக்கத்து மேல்பாதியில் இனிப்பு அதிகம், வால்பக்கம் காரம் அதிகம் என்பதால் மேல்பாதியை அடைக்கும் வால்பாதியைச் சாம்பாருக்கும் வைத்துக்கொண்டால் உங்கள் அம்மாவின் மனமும் குளிரும். தோலைச் சற்றுத் தடிமனாகவே சீவுங்கள். மார்கழி, தை மாதத்து முள்ளங்கி கோடையில் வருவதைவிடச் சாதுவாக இருக்கும்.

கல்லில் ஒட்டுவதற்குக் காரணம் அவசரம். பாதி வெந்த மாவு பசைபோலப் பிடித்துக்கொள்ளும். முழுதும் வெந்து அடியில் பொருக்குத் தட்டியதும் தானாகவே விட்டுவிடும். கடலை எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மிதமான தீயில் மூடி போட்டு, ஓரங்களில் வெண்மை போய்க் கண்ணாடிபோலத் தெளியும் வரை கரண்டியைக் கொண்டுபோகாதீர்கள். எனக்கு ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் ஆகிறது. சோயாவை இறுதியில்தான் ஊற்ற வேண்டும். அவர்கள் சேர்க்கும் ‘மிரின்’ என்னும் இனிப்பு மதுவுக்குப் பதிலாக, இரண்டு கரண்டி சோயாவுக்கு ஒரு கரண்டி கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் இரண்டு கரண்டி தண்ணீரும் கலந்து ஊற்றினால் அரை நிமிடத்தில் நுரைத்துப் பூச்சாகப் படியும். சோயாவில் உப்பு இருப்பதால் மாவில் ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள்.

சென்னிமலையான்:

அரிசி மாவில்தான் செய்வேன் என்றால் அதற்கும் வழி உண்டு. இந்தப் பலகாரத்தின் மூலம் சீனத்து முள்ளங்கிப் பணியாரம்; கான்டன் பக்கத்தில் முள்ளங்கியை வதக்கி, அரிசி மாவுக் கரைசலோடு சேர்த்துத் தட்டில் ஊற்றி, ஆவியில் வேகவைத்து, ஆறிய பின் துண்டு போட்டுப் பொரிப்பார்கள். நம் இட்லிப் பாத்திரமே போதும். ஆனால் ஒசாகாப் பாட்டியாரின் இழுபடும் பதம் இதில் வராது. இது மென்மையாகத்தான் இருக்கும்.

கோபிக்காரன்:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை குச்சிக்கிழங்கு மாவில் செய்து பார்த்தேன். முதல் அடையைப் பொறுமையில்லாமல் கிளறிப் பாழாக்கினேன். இரண்டாவதிலிருந்து கல் தானாக விட்டது, பிய்த்தபோது நடுவில் இழுபட்டது. அம்மா ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சோயாவுக்குப் பதில் தக்காளிச் சட்னி கேட்டார்கள். ஒரே ஒரு ஐயம்: இரவு மிச்சம் வைத்தது காலையில் கட்டைபோல ஆகியிருந்தது.

ராசிபுரத்துக்காரி:

ஸ்டார்ச் ஆறினால் இறுகத்தான் செய்யும், தம்பி. கல்லில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வைத்துச் சூடேற்றினால் பழையபடி இளகிவிடும். தட்டி வைத்த பச்சைக் கலவையை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள். தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும்.