குஞ்சோடு இருக்கிற விராலைத் தொடாதே

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

சனிக்கிழமை, மாலை

கார்த்திக்: சித்தப்பா, ஊர் வந்து சேர்ந்தாச்சு. நாளைக்குக் காலையில் கண்மாய்க்குப் போகலாமா? புதுத் தூண்டில் ராடு வாங்கி வந்திருக்கிறேன்.

கார்த்திக்: (படம்)

முத்தையா சித்தப்பா: பார்த்தேன். எத்தனை அடி? நரம்பு என்ன போட்டிருக்கிறாய்?

கார்த்திக்: 7 அடி, மீடியம் ஹெவி. ரீல் 3000 சைஸ். நரம்பு பின்னல் ரகம், 30 பவுண்டு தாங்கும்.

முத்தையா சித்தப்பா: 30 பவுண்டில் ஜிலேபி மீன் பிடிக்கப் போகிறாயா? அந்த முரட்டு நரம்பைப் பார்த்தால் அது பக்கத்திலேயே வராதே.

கார்த்திக்: ஜிலேபிக்கு இல்லை, விராலுக்கு. இரைக்கு ரப்பர் தவளை வைத்திருக்கிறேன்.

முத்தையா சித்தப்பா: அப்படியென்றால் சரி. விராலுக்கு அது வேண்டியதுதான். வாயில் வாங்கினதும் தாமரைத் தண்டுக்குள் புகுந்துவிடும். மெல்லிசு நரம்பு என்றால் அங்கேயே அறுந்துவிடும், மீனும் தூண்டில் முள்ளோடு போய்ச் சாகும்.

மணி அண்ணன் (சிங்கப்பூர்): கார்த்தி, மீன் பாய்ந்து தவளை மேல் தண்ணீர் வெடித்ததும் உடனே இழுத்துவிடாதே. எல்லாரும் பதற்றத்தில் அதைத்தான் செய்வார்கள். தவளை மட்டும் பறந்து வந்து உன் முகத்தில் விழும். நரம்பு இறுகி, மீனின் கனம் கைக்குத் தெரிந்த பிறகு ராடைத் தூக்கு.

கார்த்திக்: சரிண்ணே. உங்கள் ஊரிலும் தவளைதானா?

மணி அண்ணன் (சிங்கப்பூர்): பெடோக் நீர்த்தேக்கத்தில் செயற்கை இரை மட்டும்தான். புழு, உயிர்த் தவளை எதுவும் கூடாது. அதுவும் அனுமதித்த இடத்தில் நின்றுதான் போட வேண்டும். இங்கே தோமான் என்று ஒரு மீன், நம் விரால் இனம்தான், ஆனால் ஆள் பெரிசு. பல பேர் பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள்.

செல்வி அத்தை: விடுவதற்கு எதற்கு விடியற்காலையில் எழுந்து போகிறீர்கள்?

மணி அண்ணன் (சிங்கப்பூர்): அது ஒரு பைத்தியம் அத்தை 😄

ராஜி அக்கா: சித்தப்பா, பிள்ளைகள் ரெண்டும் வருவேன் என்று அடம். அந்த ராடை அவர்களால் தூக்கக்கூட முடியாது.

முத்தையா சித்தப்பா: அவர்களுக்கு மூங்கில் கழி வெட்டி வைத்திருக்கிறேன். மயில் இறகுத் தண்டில் தக்கை கட்டியாச்சு. கார்த்தி, நீ டவுனில்தானே இருக்கிறாய்? வரும்போது 10ஆம் நம்பர் முள் ஒரு பாக்கெட் வாங்கு. அது இல்லையென்றால் 12.

கார்த்திக்: 12 பெரிசா இருக்காதா? சின்னப் பிள்ளைகளுக்கு 5, 6 போதாதா?

முத்தையா சித்தப்பா: நம்பர் ஏற ஏற முள் சின்னது. ஜிலேபி வாய் எவ்வளவு இருக்கிறது? பெரிய முள்ளைப் போட்டால் புழுவை ஓரத்தில் கடித்துத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

ராஜி அக்கா: எந்தப் பக்கம் உட்கார வைப்பீர்கள்? மடைப் பக்கம் வேண்டாம், ஆழம்.

முத்தையா சித்தப்பா: மடைக்கு நாங்களே போகமாட்டோம். மழை பெய்து கண்மாய் முட்ட நிற்கிறது, மீனெல்லாம் பரவிக் கிடக்கும். வரத்துக்கால் வாய்ப் பக்கம் முழங்கால் தண்ணீர்தான், ஜிலேபி அங்கேதான் மேயும். தக்கையிலிருந்து முள் ஒரு முழத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. கெண்டை வேண்டுமென்றால் கணக்கு வேறு. கட்லா மேல் தண்ணீர், ரோகு நடுத் தண்ணீர், மிர்கால் தரையில் மேயும். மிர்காலுக்கு இரை சேற்றைத் தொட்டுக் கிடக்க வேண்டும். அது வாயில் எடுத்துத் தூக்கினால் தக்கை உள்ளே போகாது, மேலே எழும்பிப் படுத்துவிடும். நிறையப் பேர் அது கொத்து என்றே தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பழனி மாமா: மச்சான், மிர்காலுக்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து முதல் நாள் ராத்திரியே ரெண்டு உருண்டை போட்டு வைத்தால் காலையில் கூட்டமாக நிற்கும்.

செல்வி அத்தை: மாலை போட்டுக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

பழனி மாமா: இரைதானே சொன்னேன். சாப்பிடுகிறேன் என்று சொன்னேனா?

முத்தையா சித்தப்பா: சாமி சொல்வது சரிதான். ஆனால் கெண்டை குத்தகைக்காரர் குஞ்சு விட்டு வளர்க்கிற மீன், அதற்குக் குறி வைக்க வேண்டாம். தூண்டிலுக்கு அவரிடம் சொல்லிவிட்டேன். ஜிலேபி, கெளுத்தி, விரால் எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

கார்த்திக்: வேட்டங்குடிப் பக்கம் தண்ணீர் நல்லா இருக்கிறதாமே. அங்கே போய்ப் பார்க்கலாமா?

முத்தையா சித்தப்பா: அது பறவைகள் சரணாலயம்டா. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடாத ஊர். அங்கே தூண்டிலோடு போனால் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று, உன் ராடு கார்பன்தானே? நம் கரையில் பாதி தூரத்துக்கு மேலே மின்கம்பி போகிறது. அந்த இடத்தில் ராடைத் தூக்கிப் பிடித்து நடக்காதே. கார்பனில் கரண்டு பாயும்.

ராஜி அக்கா: 😳 பிள்ளைகள் கையில் மூங்கில் கழி மட்டும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை

கார்த்திக்: (படம்)

கார்த்திக்: எல்லாரும் இதைப் பாருங்கள். தாமரை ஓரத்தில் குங்குமம் கொட்டினது போலத் தண்ணீர் சிவந்து கிடக்கிறது. அத்தனையும் விரால் குஞ்சு! அப்பப்போ மொத்தமும் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்குகிறது. அடியில் பெரிசு ஒன்று புரள்கிறது. குறைந்தது ரெண்டு கிலோ இருக்கும். குஞ்சுக்கு நடுவில் தவளையைப் போட்டால் கட்டாயம் அடிக்கும் என்கிறார்கள். போடட்டுமா?

முத்தையா சித்தப்பா: போடாதே.

முத்தையா சித்தப்பா: நான் பிள்ளைகளோடு இந்தப் பக்கம் இருக்கிறேன். தூண்டிலை எடுத்துக்கொண்டு இங்கே வா.

கார்த்திக்: சும்மா ஒருமுறை? பிடித்துப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுகிறேன்.

முத்தையா சித்தப்பா: நீ பிடித்துப் படம் எடுத்து விடுகிற அந்த நேரம் போதும். சுற்றி ஜிலேபியும் கெளுத்தியும் காத்துக்கொண்டுதான் நிற்கும். தாய் அந்தப் பக்கம் போனதும் குஞ்சு மொத்தமும் காலி. அது பசிக்காகத் தவளையை அடிக்கவில்லை, குஞ்சுக்கிட்ட வந்ததை விரட்டுவதற்காக அடிக்கிறது. அதைப் பிடிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம்?

மணி அண்ணன் (சிங்கப்பூர்): சித்தப்பா சொல்வதுதான் சரி கார்த்தி. தோமானும் இப்படித்தான் சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு திரியும். விராலில் ஆண், பெண் ரெண்டும் காவல் நிற்கும். நீ பார்த்தது ஒன்று என்றால் இன்னொன்று பக்கத்தில்தான் இருக்கும்.

கார்த்திக்: சரி, விட்டாச்சு. சுருட்டிக்கொண்டு வருகிறேன்.

முத்தையா சித்தப்பா: அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிடாதே. பின்னால் தெரிகிற அய்யனார் கோயிலை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் பத்து ரப்பர் தவளை அங்கே விழும்.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

ராஜி அக்கா: சித்தப்பா, சின்னவன் போனில் அழுகிறான். ஜிலேபி வாயிலிருந்து குட்டி குட்டியாகக் கொட்டுகிறதாமே?

முத்தையா சித்தப்பா: ஆமாம். தாய் ஜிலேபி குஞ்சை வாயில் வைத்துத்தான் காப்பாற்றும். கரைக்குத் தூக்கினதும் எல்லாவற்றையும் துப்பிவிட்டது. அப்படியே தண்ணீரில் தள்ளிவிட்டோம், தாயையும்தான். "விரால் தாயை விட்டீர்களே தாத்தா, இதை மட்டும் எப்படிப் பிடிப்பீர்கள்" என்று கேட்கிறான்.

பழனி மாமா: கேள்வி நியாயம்தானே சாமி.

மணி அண்ணன் (சிங்கப்பூர்): நியாயம்தான். ஆனால் ஜிலேபிக்கு இரக்கப்பட்டுத் தீராது. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்க மீன் அது. இப்போது எந்தக் குளத்தில் இல்லை? வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும். நம் நாட்டு மீனுக்கு இடமே இல்லாமல் பண்ணிவிட்டது.

முத்தையா சித்தப்பா: அதெல்லாம் அவனுக்குச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. வாயில் குஞ்சு இல்லாததை மட்டும் வாளியில் போட வேண்டும் என்று இப்போது புதுச் சட்டம்.

கார்த்திக்: அவசரம். பெரியவள் கையில் கெளுத்தி குத்திவிட்டது. வீங்குகிறது, ரொம்ப வலிக்கிறது என்கிறாள்.

செல்வி அத்தை: ஐயோ! முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா பார்.

கார்த்திக்: இல்லை. கழற்றும்போது பக்கத்துத் துடுப்பில் இருக்கிற முள் குத்தியிருக்கிறது.

செல்வி அத்தை: கரையில் டீக்கடை இருக்கிறதே, வெந்நீர் வாங்கு. நீ கை வைத்துப் பார்த்துப் பொறுக்கிற சூடா என்று தெரிந்துகொண்டு விரலை முக்கி வை. அரை மணி நேரமாவது இருக்கட்டும், ஆற ஆற மாற்று. அந்த விஷம் சூட்டுக்குத் தணியும். ஐஸ் வைக்காதே. அப்புறம் வரும் வழியில் ஆஸ்பத்திரியில் காட்டி, ஊசி தேவையா என்று கேட்டுவிடு.

கார்த்திக்: முக்கிவிட்டோம். அழுகை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முத்தையா சித்தப்பா: கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று. துணியைப் போட்டு அமுக்கி, குறடால்தான் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். இனி கெளுத்தி விழுந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.

ராஜி அக்கா: அவள் எப்படி இருக்கிறாள் இப்போது?

கார்த்திக்: ஒரு கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கழியைப் பிடித்திருக்கிறாள் அக்கா. கிளம்பு என்றால் வரமாட்டேன் என்கிறாள்.

கார்த்திக்: (படம்) ஒரு வாளி ஜிலேபி, ஒரு சட்டி கெளுத்தி. தவளைக்கு, தண்ணீர் வழிகிற கலிங்குப் பக்கம் ஒரு விரால், அது தனி ஆள், குஞ்சு கிஞ்சு எதுவும் இல்லை. சித்தப்பாவே பார்த்துச் சொன்னார்.

செல்வி அத்தை: அப்படியே என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். சாமி இருக்கிற வீட்டில் கவிச்சி ஏறக்கூடாது. அண்ணன் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டுங்கள், நான் அங்கே வருகிறேன். விராலைச் சாம்பல் போட்டுப் பிடித்தால்தான் கையில் நிற்கும். ஜிலேபி வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு சவ்வு இருக்கும், அதைச் சுரண்டி எடுக்காமல் யாரும் என்னிடம் நீட்டாதீர்கள். கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசி, கடைசியில் புளித்தண்ணீரில் ஒரு அலசு. சேற்று வாடை அதில்தான் போகும்.

ராஜி அக்கா: விராலும் பொரிக்கவா அத்தை?

செல்வி அத்தை: விராலைப் பொரித்தால் பாவம். விராலும் கெளுத்தியும் குழம்பு, ஜிலேபிதான் பொரிப்பதற்கு. அதையும் ரெண்டு பக்கமும் நெருக்கமாகக் கீறிவிட்டால் எண்ணெயில் மொறுமொறுத்துவிடும். பிள்ளைகளுக்கு முள் பார்த்துக் கொடுக்கலாம். குழம்புக்குப் பழைய புளி இருக்கிறதா அண்ணே? புதுப்புளி என்றால் நிறம் வராது.

முத்தையா சித்தப்பா: இருக்கிறது. சின்ன வெங்காயம்தான் தீர்ந்துவிட்டது.

ராஜி அக்கா: நான் வாங்கி வருகிறேன்.

முத்தையா சித்தப்பா: கார்த்தி, கரையில் அறுத்துப் போட்ட நரம்பையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டாயா? நீர்க்காகம் காலில் சுற்றிக்கொள்ளும்.

கார்த்திக்: பொறுக்கியாச்சு சித்தப்பா. குத்தகைக்காரருக்கு என்ன கொடுப்பது?

முத்தையா சித்தப்பா: ஜிலேபி கொடுத்தால் சிரிப்பார். ராத்திரி குழம்பில் ஒரு தூக்குச்சட்டி கொண்டுபோய்க் கொடு.

பழனி மாமா: மகரவிளக்கு முடிந்து மலையிறங்கினதும் நானும் வருகிறேன். அந்தத் தவளையை எனக்கு ஒன்று விட்டுவிட்டுப் போ கார்த்தி.

கார்த்திக்: பச்சையா, கறுப்பா மாமா?

பழனி மாமா: கறுப்பு. விடியற்காலை மங்கல் வெளிச்சத்துக்கு அதுதான்.

செல்வி அத்தை: 🙏 சாமியே சரணம்.