'டி'யில் போட்டதும் வண்டி நகரத் தாமதம்: கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் எதைப் பார்க்கலாம்?

சேலத்துக்காரர்:
வணக்கம். என்னுடையது டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகைத் தானியங்கி கியர்பாக்ஸ் கொண்ட பழைய செடான். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. காலையில் முதன்முறை எடுக்கும்போது, லீவரை 'டி'க்கு (முன்னோக்கி ஓட்டும் நிலை) தள்ளிய பின் இரண்டு மூன்று நொடிகள் எதுவும் நிகழாமல், பிறகு ஓர் உலுக்கலுடன் கியர் விழுகிறது. மேம்பாலம் ஏறும்போது ஆர்.பி.எம். முள் உயர்கிறதே தவிர, அதற்கேற்ற வேகம் கிடைப்பதில்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பக்கத்துப் பணிமனையில் வண்டியின் அடியில்கூடக் குனிந்து பார்க்காமல், கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் நானே பார்க்கக்கூடியவை எவை?

மலைப்பாதை:
முதலில் கியர்பாக்ஸ் எண்ணெயைப் பாருங்கள். இவ்வகை கியர்பாக்ஸில் உள்ளிருக்கும் கிளட்சுகளை இறுக்கிப் பிடிப்பதே எண்ணெயின் அழுத்தம்தான். ஆகவே அளவு குறைந்தால், நீங்கள் சொல்லும் தாமதம், ஏற்றத்தில் வழுக்கல் இரண்டுமே வரும். டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) இருக்குமானால், வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் 'பி'யில் (நிறுத்த நிலை) விட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் என்ஜின் ஓடும்போதே அளக்க வேண்டும், சிலவற்றில் அணைத்த பின். கையேட்டில் உள்ளதே முடிவு.

அளவைப் போலவே நிறமும் முக்கியம். சிவப்பாகவும் தெளிவாகவும் இருந்தால் நல்லது. கரும்பழுப்பாகித் தீய்ந்த வாடை வீசினால் கிளட்சுத் தகடுகள் தேய்ந்து கருகியிருக்கலாம். இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானில் கசிவு ஏற்பட்டுக் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கக்கூடும். அப்போது வண்டியை மேலும் ஓட்டாதீர்கள்.

கரிமசி:
மேலே சொன்னவை இன்னொரு தானியங்கி வகையான ஏ.எம்.டி. வண்டிகளுக்குப் பொருந்தா. அங்கே இருப்பது வழக்கமான கைக்கியர்பாக்ஸும் கிளட்சும்தான், அவற்றை இயக்குவது மட்டுமே இயந்திரம். கேள்வியில் வகையைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று.

விளக்கு எரியாவிட்டாலும், வண்டியின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகிப் பார்ப்பதில் தவறில்லை. நிலுவையிலுள்ள குறியீடுகள் சில சமயம் தெரியும். பி0700 வந்தால் கியர்பாக்ஸில் ஏதோ பழுது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது எங்கோ வழுக்குகிறது. விலை மலிந்த ஸ்கேனர்கள் பல என்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்துவைத்தால் கசிவின் இடம் காலையில் தெரிந்துவிடும். அடியில் நுழைவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக்காரர்:
இருவருக்கும் நன்றி. எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கிறது. நிறம் சற்று மங்கலான சிவப்பு, தீய்ந்த வாடை இல்லை. ரேடியேட்டருக்குச் செல்லும் குழாயின் இணைப்பில் ஈரம் தெரிகிறது. எண்ணெயை மட்டும் நிரப்பினால் போதுமா, முழுவதும் மாற்ற வேண்டுமா?

மலைப்பாதை:
முதலில் அந்த இணைப்பைச் சரிசெய்யுங்கள். பிறகு கையேடு குறிப்பிடும் அதே ரக எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். அளவு மிஞ்சினால் நுரைத்து, அழுத்தம் மறுபடியும் குறையும். வழுக்கல் நின்றுவிட்டால், பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றுவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்குவது வடியாததால் ஒரே தடவையில் முழுவதும் மாறாது. இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதை, இவ்வளவு ஓடிய கியர்பாக்ஸுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவு சரியான பின்னும் ஏற்றத்தில் வழுக்கினால், எண்ணெய் அழுத்தத்தை மானி வைத்து அளந்து காட்டும் பணிமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.